பால் மூணு

அண்ணாச்சி, தப்பா நெனச்சிக்கிடாதீய. இப்ப போன்ல பேசும்போது கல்லிடைக்குறிச்சின்னு சொன்னிய. அங்க சொந்தபந்தம் யாரும் உண்டா? இல்ல, வேலையா வந்துட்டுப் போறியளா? வேலையாத்தானா? நெசமா? சரி, சரி. சொந்தம்னா நான் வாயே தெறக்க மாட்டேன். பஸ்ல பக்கத்துல இருக்கவன் யாருக்கு மாமன், யாருக்கு மச்சினன்னு யாரு கண்டா? கடையத்துலதான் எறங்குவியளா? நல்லது. அப்ப சொல்லலாம்.

நான் போனதும் கல்லிடைக்குறிச்சிக்குத்தான். வீட்டுல சொல்லல. கடையநல்லூர்ல ஒரு கல்யாண ஆர்டர் பேசப் போறேன்னு சொல்லிட்டு இந்தப் பக்கம் பஸ் ஏறிட்டேன். எதுக்குன்னா, எம் மகளுக்கு அங்க ஒரு எடம் முடிவாயிருக்கு. மாப்பிள்ள பேரு இசக்கிராஜ். பாலிடெக்னிக்ல வாத்தியார். பொண்ணு பாக்க வந்தாவ, காபி குடிச்சாவ, புடிச்சிருக்குன்னு அந்த எடத்துலயே சொல்லிட்டாவ. அந்த எடத்துலயே! ஊருக்குப் போயி தகவல் சொல்லுதோம்ங்கிறது கெடையாது. தனியாக் கூப்புட்டுப் பேசுறது கெடையாது. என்ன போடுவியன்னு ஒரு வார்த்தை கேக்கல. நீங்களே சொல்லுங்க, கடைக்கு வந்த ஒருத்தன் வெலையே கேக்காம சாமானை எடுத்தான்னா, குடுக்கப் போறது கள்ள நோட்டோன்னு தோணுமா தோணாதா?

அதான் விசாரிச்சிட்டு வருவோம்னு போனேன். ஆனா அதுக்கு முந்தி நடந்ததைச் சொல்லாட்டா உங்களுக்கு வெளங்காது. எல்லாம் ஒரு மானிட்டர்ல ஆரம்பிச்சது.

எம் பேரு குத்தாலிங்கம். தென்காசியில ஸ்டூடியோ வச்சிருக்கேன். கேசட் காலத்துல இருந்து கல்யாண வீடியோ எடுக்கேன். எங்கிட்ட ஏன் ஜனங்க வாராவன்னா, பொண்ணை நான் செவப்பாக் காட்டுவேன். அதுல எனக்குன்னு ஒரு கைப்பக்குவம் உண்டு. கம்ப்யூட்டர்ல மூணு அளவு சேத்து வச்சிருக்கேன். பால் ஒண்ணு, பால் ரெண்டு, பால் மூணு. பேரு நான் வச்சதுதான். மாநிறம்னா பால் ஒண்ணு போதும். அதுக்கும் கீழன்னா ரெண்டு. மூணுங்கிறது ரொம்பத் தேவைப்பட்டாத்தான். ஒரு தட்டு தட்டுனா போதும், மூஞ்சி அப்படியே பால்ல கழுவி விட்ட மாதிரி வந்து நிக்கும். பொண்ணோட அப்பன் தனியா வந்து காதுல சொல்லுவான், "அண்ணாச்சி, கொஞ்சம் தூக்கி விடுங்க"ன்னு. சொல்லாட்டியும் நான் தூக்கி விடுவேன். கொறச்சு விடுங்கன்னு யாரும் இதுவரைக்கும் வந்து கேட்டதில்ல.

ஒருத்தன் கேட்டான். ஆலங்குளத்துக்காரன். "எம் மகளைக் காணோமே, அவ கன்னத்துல ஒரு மச்சம் கெடக்கும், அதையும் காணோமே"ன்னு வாசல்ல வந்து நின்னான். அவனை பிலவேந்திரன்தான் ஏவி விட்டான்னு எனக்கு அன்னைக்கே தெரியும்.

பிலவேந்திரன் எதிர்த்த ஸ்டூடியோக்காரன். ரோட்டுக்கு அந்தப் பக்கம். அவன் கல்லாவுல உக்காந்து பாத்தா எங் கடை வாசல் நேராத் தெரியும். தெரியணும்னுதான் அந்த எடத்தப் புடிச்சான். எனக்கு முந்தியே அவன் அங்க வந்துட்டான், அது வேற விஷயம்.

எனக்கு ஒரே மக. குழல்வாய்மொழி. குத்தாலத்து அம்மன் பேரு. குழலின்னு கூப்புடுவோம். படிப்பு முடிஞ்சதும் எங் கடையிலயே எடிட்டிங்ல உக்காந்துட்டா. கை என்னைவிட வேகம். கல்யாண வேலை மட்டும் பாத்திட்டிருந்திருந்தா ஒரு வம்பும் இல்ல. மெட்ராஸ்ல ஒரு கம்பெனிக்கு டாக்குமெண்டரி எடிட் பண்ணிக் குடுக்கேன்னு ஆரம்பிச்சா. தூத்துக்குடி உப்பளத்துல வேலை செய்ற பொம்பளைகளைப் பத்தி ஒரு படம். இவ முடிச்சு அனுப்புனதை கம்பெனிக்காரன் திருப்பி அனுப்பிட்டான். வெட்டு ஒட்டெல்லாம் நல்லாருக்கு, கலர்தான் மோசம், எல்லா மூஞ்சியும் மஞ்சக்காமாலை வந்த மாதிரி இருக்கு, மொதல்ல ஒங்க மானிட்டரைச் சரி பண்ணுங்கன்னு சொல்லிட்டான்.

"ஏளா, இது மானிட்டர் விக்கிற தந்திரம். இன்னைக்கு ஒன் மானிட்டர் சரியில்லம்பான், நாளைக்கு அவனே ஒண்ணைத் தூக்கிட்டு வருவான்"னு சொன்னேன்.

அவ கேக்கல. அவ சம்பாத்தியத்துல அவளே ஒண்ணை வரவழச்சிட்டா. ரெஃபரன்ஸ் மானிட்டராம். பாக்க ஒண்ணுமில்ல, கருப்பா ஒரு பொட்டி. "இது என்னத்துக்குளா?"ன்னேன்.

"அப்பா, கடைத் தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை போடுவாங்கல்லா, அந்த மாதிரி. டிவி, போன் எல்லாம் அததுக்குத் தோணுன மாதிரி காட்டும். நம்ம பழைய மானிட்டர் நீலத்தைக் கூட்டிக் காட்டுது. அதுல பாத்து நான் மஞ்சளை ஏத்துதேன். நமக்குச் சரியாத் தெரியும், மத்த எடத்துல நாறிப் போவும். இது உள்ளதை உள்ளபடி காட்டும். இதைப் பாத்துச் செஞ்சாத்தான் நாம என்ன செய்றோம்னு நமக்கே தெரியும்."

"அப்ப இத்தன வருஷமா நான் என்ன செய்றேன்னு தெரியாமலா செஞ்சேன்?"

அவ குனிஞ்சு ஒயரைச் சொருக ஆரம்பிச்சிட்டா. அவ பதில் சொல்லாம இருந்தா எனக்கு அதுவே பெரிய சந்தேகம்.

மானிட்டரோட போச்சான்னா, இல்ல. எடிட்டிங் ரூம் செவுரு நல்ல கிளிப்பச்சை. நானே ராசி பாத்து அடிச்சது. அதை அடிச்சு அழிச்சு சாம்பல் கலராக்கிட்டா. செவுத்துக் கலரு கண்ணைக் கொழப்புமாம். ஜன்னலுக்குக் கருப்புத் திரை. ட்யூப் லைட்டைக் கழத்திட்டா. மானிட்டருக்குப் பின்னால, செவுத்துல படுற மாதிரி ஒரே ஒரு வெள்ளை லைட்டு. உள்ள போனா எழவு வீட்டுக்குள்ள போன மாதிரி இருக்கு. எதிர்த்தாப்புல பிலவேந்திரன் அவன் கடையில சீரியல் லைட்டு போட்டு மினுக்கிட்டு இருக்கான். என் வீட்டுக்குள்ள இருந்தே ஒருத்தி என் கடைய மூடுறதுக்கு வேலை பாக்காளோன்னு நெனச்சேன். பெத்த மகதான். இருந்தாலும் மனசு நெனைக்குல்லா?

பெறகு ஒரு பொம்பளை வந்தா. நாகர்கோயில்காரி, பெனிட்டான்னு பேரு. எங் கூடப்பொறந்தவ வயசு இருக்கும். மானிட்டரை அளந்து சரி பண்றதுதான் அவ தொழிலாம். தோள்ல ஒரு பை. பையில இருந்து உள்ளங்கை அளவுக்கு ஒரு கருவியை எடுத்தா, வாலு வச்ச எலி மாதிரி. ஒடனே வேலைய ஆரம்பிச்சாளான்னா, அதுவும் இல்ல. மானிட்டரைப் போட்டுட்டு, சூடாகட்டும்னு சொல்லி எம் மகளோட கத பேசிட்டு உக்காந்துட்டா. "சூடாகுறதுக்கு இது என்ன தோசைக்கல்லா?"ன்னு கேட்டேன். "ஆமாண்ணே, கிட்டத்தட்ட அதான்"னு சிரிச்சா. அந்தச் சிரிப்பு எனக்குப் புடிக்கல.

பெறகு அந்த எலியைத் திரையில ஒட்டித் தொங்க விட்டா. திரையில ஒரு பெரிய கட்டம். செவப்பு வருது, போவுது. பச்சை வருது, போவுது. நீலம், வெள்ளை, சாம்பல்லயே பத்துப் பதினஞ்சு தினுசு. அந்த எலி ஒவ்வொண்ணையும் பாத்துக் கணக்கு எடுக்காம். எட்டிப் பாக்கலாம்னு கிட்டப் போனேன். "அண்ணே, கொஞ்சம் பின்னால நில்லுங்க, ஒங்க சட்டைக் கலரு திரையில அடிக்கு"ன்னா. ராமர் பச்சை சட்டை. ஏன், நல்லாத்தான இருந்துச்சு? எங் கடையில, நான் கட்டுன ரூமுல, என்னையே தள்ளி நிக்கச் சொல்லுதா.

அவ போன பெறகு, சோதிச்சுப் பாப்போம்னு நான் எடுத்த பழைய கல்யாணம் ஒண்ணை அதுல ஓட விட்டேன். சுரண்டையில பெரிய கையி வீட்டுக் கல்யாணம், ஊரே மெச்சுனது. ஓட விட்டா, அண்ணாச்சி, பொண்ணுக்கு மூஞ்சியே இல்ல! ரெண்டு கண்ணு, மூக்குத்தி, லிப்ஸ்டிக்கு. மிச்சமெல்லாம் சுண்ணாம்பு. தலையில வச்ச மல்லியப்பூவும் நெத்தியும் ஒண்ணாக் கெடக்கு. பழைய மானிட்டர்ல போட்டுப் பாத்தேன், தங்கமா இருக்கு. அப்ப கோளாறு எதுல? புது மானிட்டர்லதான்? ஆனா குழலி என்னையே பாக்கா. "இப்பத் தெரியுதாப்பா?"ங்கா. "தெரியுது, நல்லாத் தெரியுது, எவனோ ஒன்னைய நல்லா ஏமாத்திட்டான்"னேன்.

அவ இல்லாத நேரம் பாத்து அந்த மானிட்டர்ல பட்டனை அமுக்கி வெளிச்சத்தக் கூட்டி வச்சேன். எனக்காக இல்ல, அவ நல்லதுக்குத்தான். மறுநாள் வந்து உக்காந்தா, திரையப் பாத்தா, திரும்பி என்னையப் பாத்தா. அதுல ஏதோ பூட்டு இருக்காம். நம்பர் போட்டாத்தான் தெறக்குமாம். போட்டுப் பூட்டிட்டா. எங் கடையில எனக்கே பூட்டு! நம்பர் என்னன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. அவ பொறந்த தேதியைப் போட்டுப் பாத்தேன். என் பொறந்த தேதியைப் போட்டுப் பாத்தேன். தெறக்கல.

இப்பக் கல்யாணப் பேச்சுக்கு வாரேன். இந்த எடத்துக்கு முந்தி ரெண்டு எடம் வந்து தட்டிப் போச்சு. ரெண்டுலயும் பிலவேந்திரன் கைதான். எப்படிச் சொல்லுதேன்னா, கேளுங்க.

தரகர் சொடலைமுத்துகிட்ட குழலி போட்டோவை நாந்தான் குடுத்தேன். பால் மூணு போட்டு நல்லா செஞ்சு குடுத்தேன். சொந்த மகளுக்குச் செய்யாம யாருக்குச் செய்ய? மொத எடம் சங்கரன்கோயில்காரவ. போட்டோவைப் பாத்த ஒடனே கார் புடிச்சு வந்துட்டாவ. அவ்வளவு ஆசையா வந்தவ! கேசரி, மிச்சர் எல்லாம் வச்சாச்சு. குழலி காபித் தட்டைக் கொண்டுட்டு வந்து நிக்கா. மாப்பிள்ளையோட அத்தைக்காரி காபியக் கையில எடுத்துட்டு, "பொண்ணை வரச் சொல்லுங்க"ங்கா. பொண்ணு முன்னாலதான் நிக்கா! எம் பொஞ்சாதி ஆவுடை, "இவதாங்க பொண்ணு"ன்னு சொன்னா. அந்த அத்தைக்காரி போனை எடுத்துப் பாக்கா, குழலியைப் பாக்கா, மறுபடி போனைப் பாக்கா. போனுக்கு என்ன வந்துச்சு அந்த நேரத்துல? அப்பத்தான் பிலவேந்திரன் ஏதோ மெசேஜ் போட்டிருக்கான். வேற என்னவா இருக்கும்? மிச்சர்ல கை வைக்காம எந்திரிச்சுப் போயிட்டாவ.

ரெண்டாவது எடமும் அப்படியேதான். வந்தாவ, போனைப் பாத்தாவ, போயிட்டாவ. குழலி சீலைய மாத்திட்டு நேராக் கடைக்குப் போயி உப்பளத்துப் படத்துல உக்காந்துட்டா. நான் கடை மாடியில நின்னு பிலவேந்திரன் கடையவே பாத்துட்டு நின்னேன். அவன் கேமராவைத் தொடச்சிட்டு இருந்தான். ஒண்ணுமே தெரியாதவன் மாதிரி.

மூணாவதா இந்தக் கல்லிடைக்குறிச்சி எடம். இப்பல்லாம் போட்டோ பத்தாது, வீடியோ கேக்காவ. சரின்னு, மாம்பழக் கலர் சீலை உடுத்தச் சொல்லி, மொட்டை மாடியில நிக்க வச்சு நானே எடுத்தேன். நல்ல வெயில். நடக்கா, திரும்புதா, லேசாச் சிரிக்கா. பழைய மானிட்டர்ல போட்டு பால் மூணு குடுத்தேன். எம் பொண்ணுன்னு சொல்லுதேன்னு நெனைக்காதீய, பாத்தா கண்ணெடுக்க மாட்டிய.

குழலி அதைப் பாத்துட்டா. "அப்பா, இங்க வாங்க"ன்னு அந்தச் சாம்பல் ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போனா. அந்தப் பூட்டுன மானிட்டர்ல எடப்பக்கம் ஒண்ணு, வலப்பக்கம் ஒண்ணா ரெண்டு படம் போட்டிருந்தா. ரெண்டும் அதே மாடி, அதே சீலை, அதே சிரிப்பு. எடப்பக்கம் நான் செஞ்சது. வலப்பக்கம் ஒண்ணும் செய்யாதது, கேமராவுல வந்தபடி.

"இதுல எதுப்பா நான்?"

கேள்வியப் பாத்தியளா? நான் யோசிக்கவே இல்ல. எடப்பக்கத்தைத் தொட்டுக் காட்டி, "இதுதான்"னேன்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க"ன்னா.

"பாத்துட்டுத்தானளா சொல்லுதேன். இவதான் எம் மக. அந்தப் பக்கம் இருக்கது வெயில்ல எடுத்த கோளாறு"ன்னேன்.

அப்பனா நான் அவளை ஒசத்தித்தான சொன்னேன்? அதுக்குச் சந்தோசப்படணுமா வேண்டாமா? அவ எந்திரிச்சு, படத்தை அணச்சிட்டு, வெளிய போயிட்டா. அன்னைக்கு ராத்திரி அவ சாப்புடலன்னு ஆவுடை சொன்னா. எனக்கு ஒண்ணும் பிடிபடல. அந்தப் பெனிட்டா ஏதாவது சொல்லிக் குடுத்திருப்பாளோன்னு நெனச்சேன். அவகூட அடிக்கடி போன்ல பேசுதால்லா.

நான் செஞ்ச வீடியோவைத் தரகருக்கு அனுப்பச் சொல்லி அவகிட்டதான் குடுத்திருந்தேன். அவ அதை அனுப்பவே இல்ல. அவளே ஒண்ணு எடுத்து அனுப்பியிருக்கா. கல்லிடைக்குறிச்சிக்காரவ பொண்ணு பாக்க வந்த அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும். அந்தச் சாம்பல் ரூமுல, வேலை செய்ற மேசையில, சாதாரணச் சுடிதாரோட உக்காந்திருக்கா. தலை கூட ஒழுங்கா வாரல. "எம் பேரு குழல்வாய்மொழி, எடிட்டரா இருக்கேன். கல்யாணத்துக்குப் பெறகும் இந்த வேலைய விடமாட்டேன். இப்ப நீங்க பாக்குற கலர்லதான் நேர்லயும் இருப்பேன்"னு சொல்லியிருக்கா. இப்படி ஒரு பொண்ணு பேசுவாளா அண்ணாச்சி? கலரு என்னமோ, அந்த மானிட்டர்ல பாத்துப் பாத்துச் சரி பண்ணினதாம். என்னத்தச் சரி பண்ணினா? அப்படியே வச்சிருக்கா!

காபித் தட்டோட அவ வந்து நின்னதும் மாப்பிள்ளையோட அம்மா, பிரமசக்தின்னு பேரு, வாய் நெறயச் சிரிச்சிட்டு, "வீடியோவுல பாத்த அதே பிள்ள"ன்னாவ. மாப்பிள்ள தலையக் குனிஞ்சு சிரிக்கான். முடிஞ்சு போச்சு. கேசரிய ரெண்டாந் தடவ வாங்கிச் சாப்பிட்டாவ.

ஊரே குழலிக்கு நல்ல எடம்னு சொல்லுது. எனக்குத் தூக்கம் வரல. பால் மூணு போட்டு அனுப்புன எடத்துலயே ரெண்டு பேரு வேண்டாம்னு போயிருக்கான். ஒண்ணுமே போடாம அனுப்புனதை ஒருத்தன் ஒடனே புடிச்சிருக்குங்கான்னா, அவன்கிட்ட என்ன கொறை இருக்கு? காக்கா வலிப்பா? மொதவே ஒண்ணு கட்டி விட்டுட்டு வந்தவனா? இல்ல, கண்ணுதான் தெரியலையா? இதெல்லாம் யோசிச்சுத்தான் இன்னைக்குக் காலைல பஸ் ஏறினது.

அவிய தெருமுக்குல ஒரு டீக்கடை. டீ வாங்கிட்டு, "இசக்கிராஜ்னு ஒரு வாத்தியாரு, ஆளு எப்படி?"ன்னு மெல்லக் கேட்டேன். "நல்ல பையன்லா"ன்னான் டீக்கடைக்காரன். கேட்ட ஒடனே! சொல்லிக் குடுத்து வச்ச மாதிரி. "குடி கிடி உண்டா?"ன்னேன். "சாயந்தரம் இங்க வந்து டீ குடிப்பாரு"ங்கான். என்னைய வச்சு வெளையாடுதான்னு நெனைக்கேன்.

அந்நேரம் பாத்து பின்னால, "அண்ணே, நீங்க இங்க என்ன நிக்கிய?"ன்னு ஒரு சத்தம். மாப்பிள்ளையோட அம்மா, பிரமசக்தி மைனி. கையில காய்கறிப் பை. எனக்கு டீ பொறைக்கேறிட்டு. பக்கத்துல ஒரு கல்யாணம் புக் பண்ண வந்தேன்னு சொன்னேன். "வீட்டு வாசல் வரைக்கும் வந்துட்டு உள்ள வராமப் போறியளா?"ன்னு கையப் புடிக்காத கொறையாக் கூட்டிட்டுப் போயிட்டாவ.

உக்கார வச்சு அப்பளம் பொரிச்சுக் காபியோட வச்சாவ. சாப்பிட்டுட்டுத்தான் போவணும்னாவ, நான்தான் நேரமாச்சுன்னுட்டேன். சுத்தியும் பாத்தேன். மாத்திரை டப்பா ஒண்ணும் கண்ணுல படல. மைனி சிரிச்சிட்டே, "விசாரிக்கத்தான வந்திய? இதுல என்னண்ணே வெக்கம், பொண்ணைப் பெத்தவ விசாரிக்கத்தான் செய்யணும். எங்க வீட்டு ஆளும் பொண்ணு பாக்க வாரதுக்கு முந்தியே தென்காசிக்கு வந்து ஒங்களைப் பத்தி விசாரிச்சிட்டுத்தான் வந்தாவ"ன்னாவ.

"யார்கிட்ட?"

"ஒங்க எதிர்த்த கடைக்காரர்கிட்ட. பிலவேந்திரன்தான அவரு பேரு? கண்ண மூடிக்கிட்டு எடுங்க, அந்தப் பிள்ளை தங்கம்னு சொன்னாராம். அப்பாதான் கொஞ்சம் சந்தேகப் பேர்வழி, மத்தபடி யாருக்கும் கெடுதல் செய்யாத மனுசன்னாராம்."

பாத்தியளா, போற போக்குல என்னைய ஒரு குத்து குத்திட்டான். அது கெடக்கட்டும். அவன் ஏன் எம் மகளைத் தங்கம்னு சொல்லணும்? அவனுக்கு இதுல என்ன லாபம்? காபி குடிக்குற வரைக்கும் அதையே யோசிச்சேன். ஒண்ணும் தட்டுப்படல. அதுதான் பயமா இருக்கு.

அதுவும் பெரிசில்ல அண்ணாச்சி. அடுத்துக் கேட்டாவ பாருங்க ஒரு கேள்வி.

"மூத்தவளை எங்கண்ணே கட்டிக் குடுத்திருக்கிய?"

எனக்குப் புரியல. "எந்த மூத்தவ?"ன்னேன்.

"போன வருசம் சொடலைமுத்து தரகர் ஒரு போட்டோ கொண்டாந்தாரே, தென்காசி ஸ்டூடியோக்காரர் மகள்னு. நல்ல செவப்பு, பளிங்கு மாதிரி. முகச்சாடை இளையவ மாதிரியேதான். நாங்கதான் வேண்டாம்னுட்டோம். தப்பா எடுத்துக்கிடாதீய. எம் பையனே கரிக்கட்டை. அவ்வளவு செவப்பா ஒரு பிள்ள வந்து எங்களோட எப்படி ஒட்டும்னு ஒரு பயம். இப்ப இளையவ வீடியோவப் பாத்ததும் அவனே வாயத் தெறந்து, அம்மா, இந்தப் பிள்ளைகிட்டப் பேசலாம் போல இருக்குன்னான்."

அந்த நேரத்துல நான் சொல்லியிருக்கலாம். மைனி, எனக்கு ஒரே மகதான்னு ஒரு வார்த்தை. சொன்னா, பெறகு அந்தப் போட்டோ யாருன்னு கேப்பாவல்லா? இவதான்னா, அப்ப ஏன் அப்படி இருந்தான்னு கேப்பாவ. வாய் என்ன சொல்லிச்சு தெரியுமா? "அவளைக் கட்டிக் குடுத்தாச்சு மைனி."

"எங்க?"

"வெளிநாட்டுல."

"எந்த நாடு?"

"மஸ்கட்டு."

"பிள்ளைக?"

"ஒரு பையன்."

"அவ பேரு என்னண்ணே?"

பேருக்கு எங்க போவேன்? "பால்…"னு வந்துட்டு. அதுக்கு மேல நிப்பாட்ட முடியுமா? "பாலசுந்தரி"ன்னேன்.

"நல்ல பேரு. கல்யாணத்துக்கு அக்காக்காரி வந்து நின்னாத்தான அழகு. முன்கூட்டியே லீவு சொல்லி வைக்கச் சொல்லுங்க"ன்னாவ. தலைய ஆட்டிட்டு எந்திரிச்சு வந்தவன்தான். கல்யாணத்தன்னைக்கு நான் எங்க போயி ஒரு பாலசுந்தரியக் கொண்டாருவேன்? மருமகன் வேற வேணும்ல? ஒரு சின்னப் பையன் வேற.

இதுல இன்னொண்ணும் ஓடுது. அந்த மைனி வெள்ளந்தியாக் கேட்டாவளா, இல்ல எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு என் வாயப் புடுங்குனாவளா? சிரிச்ச மொகமாவே இருக்காவ. அதான் கண்டுபிடிக்க முடியல…

இருங்க, போன் அடிக்கி. மகதான்.

சொல்லுளா… பஸ்லதான் வாரேன்… கடையநல்லூர்ல இருந்துதான்… யாரு சொன்னா?… ம்… … ம்… … ஏளா… சாப்புட்டியா?… … ம்… சரி.

வச்சிட்டா.

என்னன்னு கேக்கியளா? அந்த மைனி பையன்கிட்டச் சொல்ல, அவன் ஒடனே குழலிக்குப் போன் போட்டிருக்கான். "அப்பா, எனக்கு மஸ்கட்ல ஒரு அக்கா இருக்காளாமே. பாலசுந்தரியாம். செவப்பா இருப்பாளாம்"னா. பெறகு மெதுவாக் கேட்டா, "அவ அங்க நல்லா இருக்காளாப்பா?"

வாய்தவறி 'ம்'னுட்டேன்.

"சரி. அங்கயே இருக்கட்டும். இனிமே அவளை நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வராதீங்க"ன்னா. மாப்பிள்ளைகிட்ட நடந்ததை எல்லாம் சொல்லிட்டாளாம். அவன் கோவப்படல, சிரிச்சானாம், அவிய அம்மாகிட்டயும் அவனே பக்குவமாச் சொல்லிக்கிடுதேன்னானாம். அவன் ஏன் சிரிக்கான்னு கேக்கணும்னு இருந்துச்சு, கேக்கல. குழலி சத்தம் ஒரு மாதிரி இருந்துச்சு அண்ணாச்சி. அழுதாளா, அவளும் சிரிச்சாளா, இந்த பஸ் எரைச்சல்ல ஒண்ணும் தெரியல. "ஏளா"ன்னு கூப்புட்டேன். "என்னப்பா?"ன்னா. சாப்புட்டியான்னு கேட்டேன்.

"இல்லப்பா. ஒங்களுக்காகத்தான் இருக்கேன். வாங்க, சேந்து சாப்புடுவோம்"னு சொல்லிட்டு வச்சிட்டா.

இவ்வளவும் நடந்த பெறகு சேந்து சாப்புடுவோம்ங்கா. அந்த மானிட்டர் வந்ததுல இருந்து எங்கூட ஒரு நாள் அவ சேந்து உக்காந்து சாப்புட்டதில்ல. கோவத்துல ரெண்டு வார்த்தை ஏசியிருந்தாக் கூட எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். எதுக்கு அண்ணாச்சி இப்படிச் சொல்லுதா? இதுக்குள்ள என்ன இருக்கும்னு நெனைக்கிய?